பசுமை வளாகத்தில் தராசு எங்கே?

கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ‘நாக்’ அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1994-ல் தொடங்கியது, தலைமையிடம் பெங்களூரு. ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ இதனிடம் மதிப்பெண் வாங்க வேண்டுமானால் முதலில் தன்னைப் பற்றித் தானே ஒரு நீண்ட அறிக்கை எழுத வேண்டும். தன்மதிப்பீட்டு அறிக்கை என்று பெயர். அதைத் தன் இணையதளத்திலும் போட்டு வைக்க வேண்டும். ஆக, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வேலைவெட்டி இல்லாதவன்தான் படிப்பான் என்பது வேறு விஷயம்.

சில மாதங்களாக வார இறுதிகளில் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆரம்பித்து சிவகங்கை, மதுரை, தூத்துக்குடி என்று தென்பக்கத்துக் கல்லூரிகளின் அறிக்கைகள். முழுவதும் இல்லை, ஏழாவது அளவுகோலில் குப்பையைப் பற்றி வரும் பகுதி மட்டும். புத்தக விமர்சனம் எழுதுவது போல, ஒரு கேள்வித்தாளையும் அதற்கு எழுதப்படும் பதில்களையும் இந்தப் பதிவில் விமர்சனம் செய்யப் போகிறேன். கல்லூரிப் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. பயம் மட்டும் காரணம் இல்லை. பத்துப் பேர் எழுதின பதிலும் ஒரே மாதிரி இருந்தால் குறை எழுதினவரிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி என்ன கேட்கிறது?

பல்கலைக்கழகங்களுக்கான நாக் கையேட்டில் இது 7.1.3 என்ற எண்ணில் வருகிறது. மட்கும் கழிவு, மட்காத கழிவு இரண்டையும் கையாள உங்களிடம் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று விவரிக்கச் சொல்கிறது. திடக்கழிவு, திரவக்கழிவு, மருத்துவக் கழிவு, மின்னணுக் கழிவு, மறுசுழற்சி, ஆபத்தான வேதிப்பொருள், கதிரியக்கக் கழிவு என்று பட்டியலும் போட்டுத் தருகிறது. சில நூறு வார்த்தைக்குள் பதில் எழுத வேண்டும். ஆதாரமாக, வெளி நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களும், எந்த இடத்தில் எடுத்தது என்று அட்சரேகை தீர்க்கரேகையோடு பதிந்த போட்டோக்களும் வேண்டும்.

கேள்வியில் முக்கியமான சொல் ‘வசதி’. உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறதே தவிர, அது என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. என் தொழிலில் இது நன்றாகத் தெரிந்த வித்தியாசம். சர்வர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. சர்வர் நேற்று எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை வேலையை முடித்தது, எத்தனையில் தோற்றது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் போட்டோ போதும். இரண்டாவதற்கு லாக் வேண்டும். எந்தக் கம்பெனியிலாவது சர்வர் அறையைப் போட்டோ எடுத்துக் காட்டி ‘எல்லாம் நல்லா ஓடுது’ என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்களா?

இணைப்புக் கல்லூரிகளுக்குப் பின்னால் திருத்தி வந்த கையேடு இதைவிட ஒரு படி கீழே போனது. மாற்று எரிசக்தி, கழிவு மேலாண்மை, நீர் சேமிப்பு, பசுமை வளாகம், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று ஐந்தையும் ஒரே கேள்வியாகச் சேர்த்துவிட்டார்கள். ‘நான்கு அல்லது அனைத்தும்’ என்பதுதான் முழு மதிப்பெண்ணுக்கான தெரிவு. ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சோலார் பலகை, மழைநீர்த் தொட்டி, மரக்கன்று, சாய்தளம் நான்கும் இருந்தால் போதும். குப்பையை என்ன செய்தாலும், ஏன், பின்பக்கம் போட்டுக் கொளுத்தினாலும், இந்தக் கேள்வியில் மதிப்பெண் குறையாது. (சாய்தளம் இல்லாமலும் முழு மதிப்பெண் வாங்கலாம் என்பது இதைவிடப் பெரிய அநியாயம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.) புரோகிராமில் இப்படி ஒரு நிபந்தனையை நான் எழுதியிருந்தால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பதில்கள் எப்படி இருக்கின்றன?

பதிலுக்கு ஒரு வடிவம் அமைந்துவிட்டது. முதல் பத்தியில் சுற்றுச்சூழல் மேல் நிறுவனத்துக்கு இருக்கும் அக்கறை. அடுத்து பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி. அடுத்து மண்புழு உரக் குழி. அதற்குப் பிறகு விடுதியின் மிச்ச உணவு பக்கத்துப் பன்றிப் பண்ணைக்கோ மாட்டுத் தொழுவத்துக்கோ போகிறது என்று ஒரு வரி. அப்புறம் மின்னணுக் கழிவுக்கு ஓர் ஒப்பந்தம். கடைசியாக, கதிரியக்கக் கழிவு எங்கள் வளாகத்தில் உருவாவதில்லை என்று ஓர் அறிவிப்பு. நான் படித்தவரை முழு உறுதியோடு எழுதப்பட்ட வரி அது ஒன்றுதான்.

இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று, போட்டோக்களில் இருக்கும் குப்பைத் தொட்டியில் குப்பை இல்லை. புதுசாக, கழுவி வைத்த மாதிரி, காலியாக நிற்கிறது. மண்புழு உரக் குழிக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை பளிச்சென்று இருக்கிறது, குழியில் சருகு காய்ந்து கிடக்கிறது.

இரண்டு, வாக்கியங்களில் ஆளே இல்லை. குப்பை சேகரிக்கப்படுகிறது. பிரிக்கப்படுகிறது. அனுப்பப்படுகிறது. யார் சேகரிக்கிறார்? எந்தக் கையால் பிரிக்கிறார்? எங்கே அனுப்புகிறார்? பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று படித்தோமே, இங்கே பயனிலை மட்டும்தான் இருக்கிறது. நாக் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லாததால் அந்த ஆள் அறிக்கையில் காணாமல் போய்விடுகிறார்.

எண்ணும் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று ஒரு வரி கண்ணில் பட்டால் நிமிர்ந்து உட்காருவேன். பல இடத்தில் அதுவும் ‘தோராயமாக’ என்றே ஆரம்பிக்கும், முழு எண்ணாகவே இருக்கும், போன வருஷம் எவ்வளவு என்பது இருக்காது.

மாஸ்டர் சொன்ன கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் சொந்தக்காரப் பையன் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது விடுதிச் சமையல் மாஸ்டரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஒரு நாளைக்கு எவ்வளவுண்ணே மிஞ்சும்?”

“ரெண்டு டிரம் சார். உப்புமா போட்ட அன்னைக்கு ரெண்டரை. கோழிக்குழம்பு வச்சா முக்கா டிரம்தான், அதுவும் எலும்பு.”

“டிரம் எத்தனை கிலோ இருக்கும்?”

“அதை யாரு சார் நிறுத்துப் பாத்தா? தூக்க ரெண்டு ஆளு வேணும், அம்புட்டுத்தேன்.”

இந்த நாலு வரியில் இருக்கும் தகவல், நான் படித்த எந்த அறிக்கையிலும் இல்லை. மிச்சம் நாளுக்கு நாள் மாறுகிறது, மெனுவைப் பொறுத்து மாறுகிறது, எந்த மெனுவுக்கு எவ்வளவு என்று ஒருவருக்கு அத்துப்படி. அளவு இருக்கிறது, அலகு மட்டும்தான் டிரம். ஒரு தராசையும் நோட்டையும் கொடுத்திருந்தால் அவரே அந்த வளாகத்தின் முதல் கழிவு ஆய்வாளர்.

இத்தனைக்கும் வளாகத்தில் தராசு வராமல் இல்லை. பழைய பேப்பர், உடைந்த பெஞ்சு, இரும்பு, அட்டைப்பெட்டி எல்லாம் எடைக்குப் போடும்போது வருகிறது. காயலான் கடைக்காரர் கொண்டுவருகிறார், அலுவலகத்தில் ஒருவர் பக்கத்திலேயே நின்று முள்ளைப் பார்க்கிறார், ரசீது போடுகிறார்கள். ஏனென்றால் அதற்கு விலை இருக்கிறது. விலை இருக்கும் குப்பைக்கு எடை உண்டு, விலை இல்லாத குப்பைக்கு எடை இல்லை. சோறு, சிப்ஸ் பாக்கெட், நாப்கின், தெர்மாகோல் எதுவும் எந்தக் கணக்கிலும் ஏறாது. மதிப்பீட்டுக் கேள்வி சரிசெய்ய வேண்டிய இடம் இதுதான். அதைச் செய்யாமல் போட்டோ கேட்கிறது.

இந்தக் கரையில் இது ஏன் வேறு மாதிரி?

எல்லா ஊரிலும் இருக்கிற பிரச்சினைதானே என்று கேட்கலாம். இருக்கிறதுதான். ஆனா இராமநாதபுரம், இராமேஸ்வரம் கரையில் குப்பை போவதற்கு இருக்கும் வழிகள் மூன்று: குழி, நெருப்பு, வேலிக்கு வெளியே இருக்கும் சீமைக்கருவேலங்காடு. மூன்றும் இங்கே மற்ற ஊரைவிட மோசமாக முடிகின்றன.

முதலில் குழி. கடலோர மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, உடனே கீழே இறக்கிவிடும். பாம்பன் தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் ஒரு மெல்லிய படலம். நன்னீர் உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பழைய நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே நிற்பது கொஞ்சம் குறைந்தால் கீழே நிறையப் போய்விடும். இந்தப் படலத்தின் தலையில் குழி வெட்டி அழுகிய சோற்றைக் கொட்டினால், அதன் சாறு எங்கே போகும்? கிணறு தூரத்தில் இல்லை. வடகிழக்குப் பருவ மழை மூன்று மாதத்தில் மொத்தமாகக் கொட்டும்போது திறந்த குழி குளமாகிவிடும். தளம் போடாத உரக்குழி கரிசல் காட்டில் சின்னத் தவறு, இந்த மணலில் பெரிய தவறு.

அடுத்து நெருப்பு. திறந்த வெளியில் குப்பை எரிக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய். உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. விடிகாலையில் பேருந்தில் போனால் புகை எங்கிருந்து வருகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

மூன்றாவது வேலிக்கு வெளியே. இந்தக் கரைக்கு இரண்டு பக்கமும் கடல். கச்சான் அடித்தால் லேசான பிளாஸ்டிக் எல்லாம் பாக் விரிகுடா பக்கம், வாடை அடித்தால் மன்னார் வளைகுடா பக்கம். கருவேல முள்ளில் மாட்டியது போக மீதி தண்ணீருக்குப் போகும். ஒரு பக்கம் 21 தீவுகளோடு 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா. இன்னொரு பக்கம் 2022-ல் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசு பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்ட விரிகுடா.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடலில் இருக்கும் பிளாஸ்டிக்கெல்லாம் கல்லூரிக் குப்பை என்று நான் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளில் சிக்கிக் கிடப்பதை தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் கடலுக்குள் இறங்கிப் பதிவு செய்திருக்கிறது. அதில் பெரும்பங்கு கைவிடப்பட்ட மீன் வலைகள். ஆனால் இது கடலைப் படிக்கிற கரை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, ஒரு காலத்தில் அதன் தலைமையிடமே இங்கேதான் இருந்தது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. வலையைக் கடலில் விடாதீர்கள் என்று மீனவரிடம் போய்ச் சொல்பவர்கள் படித்தவர்கள். மீனவர் திருப்பி ‘உங்க காலேஜ் குப்பை எங்க போகுது தம்பி?’ என்று கேட்டால் சொல்ல ஒரு நோட்டாவது கையில் இருக்க வேண்டாமா?

சட்டத்தின் எல்லைக்கோடு

2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில் வளாகங்களுக்கு நல்ல வழிமுறை இருந்தது. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடம் ‘மொத்தக் கழிவு உருவாக்குபவர்’. கல்லூரி, பல்கலைக்கழகம், விடுதி, வழிபாட்டுத் தலம் எல்லாம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே வந்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் உருவாகும் இடத்திலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும், மட்கும் குப்பையை ‘இயன்றவரை’ வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று இருந்தது.

‘இயன்றவரை’ என்ற சொல்லைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. அந்த விதிகள் யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியலில் நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரம், ரயில்வே, துறைமுகம், அரசு நிறுவனங்கள், அறிவிக்கப்பட்ட யாத்திரைத் தலங்கள் எல்லாம் இருந்தன. சாதாரண கிராம ஊராட்சி இல்லை. நம் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் எங்கே இருக்கின்றன? நிலம் மலிவு என்பதால் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம், ஏதாவது ஒரு ஊராட்சி எல்லைக்குள். ஆக, இரண்டாயிரம் பேர் சாப்பிடும் வளாகம் அந்த விதிகளின் கோட்டுக்கு வெளியே, ஐந்நூறு பேர் படிக்கும் நகரத்துக் கல்லூரி கோட்டுக்கு உள்ளே. ஊராட்சியில் இருப்பது சில தூய்மைக் காவலர்கள், ஒரு மூன்று சக்கர வண்டி. அவர்கள் வந்து வளாகத்தின் குப்பையை அள்ள முடியுமா? முடியாது. அதனால்தான் டிராக்டர் வைத்து ‘எங்கேயோ’ அனுப்புகிறார்கள். விதிகளைத் திருத்துபவர்கள் ஊர் எந்த வகை என்று பார்ப்பதைவிடக் குப்பை எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டும்.

சோற்றுக் கணக்கு

இது என் ஊகக் கணக்கு, எந்த வளாகத்தின் அளவும் இல்லை. 500 பேர் தங்கும் விடுதி. ஒரு வேளைக்கு ஒருவர் தட்டிலும் அண்டாவிலும் சேர்ந்து 80 கிராம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கைப்பிடிச் சோறு. மூன்று வேளைக்கு 120 கிலோ. வேறு குப்பை எதையும் சேர்க்காமலே 100 கிலோ கோட்டைத் தாண்டியாயிற்று. 200 நாளுக்கு 24 டன்.

120 கிலோ மிச்ச உணவை எரிவாயுக் கலனில் போட்டால் சுமாராக 10 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். சமையல் எரிவாயுக் கணக்கில் அது 4.5 முதல் 5 கிலோ. நாலு நாளைக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சம். தொழில்நுட்பம் புதுசு இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ‘நிசர்குருணா’ இருக்கிறது, கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் ‘சக்தி சுரபி’ இருக்கிறது.

அப்படியிருந்தும் வளாகக் கலன்கள் ஏன் செத்துப்போகின்றன? எனக்குப் புரிந்த காரணம் எளிமையானது. கலனுக்குள் இருப்பது உயிர். தினமும் சாப்பாடு போட வேண்டும். தேர்வு முடிந்து பையன்கள் ஊருக்குப் போனால் மே மாதம் முழுவதும் அதற்குப் பட்டினி. ஜூனில் திரும்பி வந்ததும் ஒரே நாளில் ரெண்டு டிரம் கொட்டினால் புளித்துப்போய் வாயு வராது. மறுபடி சாணிக் கரைசல் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். அதைச் செய்ய ஓர் ஆள், அந்த ஆளுக்குச் சம்பளம், விடுமுறையில் பக்கத்து ஓட்டலிலிருந்து கொஞ்சம் மிச்சம் வாங்க ஓர் ஏற்பாடு. கலன் வாங்க நன்கொடை கிடைக்கிறது, திறப்பு விழா நடக்கிறது, போட்டோவும் அறிக்கைக்குப் போகிறது. ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதைப் போட்டோ எடுக்க முடியாது, இல்லீங்களா?

உரமாக்குவதிலும் இந்தக் கரைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சாம்பார், ரசம், ஊறுகாயோடு வரும் சோற்றில் உப்பு அதிகம். அதை மட்டும் மட்க வைத்தால் உரத்திலும் உப்பு ஏறும். ஏற்கனவே உப்புத் தட்டும் நிலத்தில் அதைப் போடுவது வேண்டாத வேலை. சருகு, நறுக்கிய காய்ந்த தழை, காய்கறித் தோல் எல்லாம் நிறையக் கலக்க வேண்டும், உப்பு அளவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வேதியியல் துறையில் மின்கடத்துத்திறன் மீட்டர் அலமாரியில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் ஆண்டு மாணவர்கள் உரக்குழிக்குப் போனால் அதுவே ஒரு செய்முறை வகுப்பு. சரியாக வந்தால் வாங்க ஆள் தேடி அலைய வேண்டாம், சுற்றிலும் முண்டு மிளகாய்க் காடு.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தட்டில் மிஞ்சியதையும் அண்டாவில் மிஞ்சியதையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும். அண்டாவில் மிஞ்சினால் கணக்குத் தப்பு, அன்று எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று சமையலறைக்கு யாரும் சொல்லவில்லை. தட்டில் மிஞ்சினால் ருசி தப்பு, அல்லது பரிமாறிய அளவு தப்பு. அண்டாச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. தட்டுச் சோறு குப்பைதான். இரண்டையும் ஒரே டிரம்மில் கொட்டும் நிமிடத்தில் இந்தத் தகவல் முழுவதும் அழிந்துபோகிறது.

வேறு இடங்களில் அளந்து பார்த்தவர்கள்

அமெரிக்காவில் 2001-ல் ஒஹையோ மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள், ஒஹையோ பல்கலையும் மயாமி பல்கலையும், யார் அதிகம் மறுசுழற்சி செய்கிறார்கள் என்று போட்டி வைத்துக்கொண்டன. ‘ரீசைக்கிள்மேனியா’ என்று பெயர். பிறகு நூற்றுக்கணக்கான வளாகங்கள் சேர்ந்தன. எல்லாமே எடைக் கணக்கு, ஆளுக்கு எத்தனை பவுண்டு என்று. இதிலும் குறை உண்டு. மறுசுழற்சி எடைக்கு மதிப்பெண் கொடுத்தால் நிறைய பாட்டில் வாங்கிக் குடித்தவன் ஜெயிப்பான். ஆனால் எடை கையில் இருந்ததால் அந்தக் குறையே தெரியவந்தது, மொத்தக் குப்பை எவ்வளவு குறைந்தது என்ற பிரிவும் வந்தது. அதேபோல 2008-ல் அங்கே உணவக நிறுவனமான அராமார்க் 25 கல்வி நிறுவனங்களில் 1,86,000 சாப்பாட்டுக்கு மேல் அளந்து பார்த்தது. தாம்பாளத்தை எடுத்துவிட்டுக் கையில் தட்டு மட்டும் கொடுத்ததில் ஆளுக்கு 25 முதல் 30 சதவீதம் மிச்சம் குறைந்தது. சுவரொட்டி இல்லை, உறுதிமொழி இல்லை. தாம்பாளம் இல்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்து 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சாலை போட்டுப் பார்த்தார். 2018-ல் பத்மஸ்ரீ. பிளாஸ்டிக்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சுமார் 170 டிகிரியில் சூடாக இருக்கும் ஜல்லி மேல் தூவினால் உருகிப் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். பிறகு தார். தாரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிச்சம். பிவிசி வகை மட்டும் கூடாது. காயலான் கடை தொடாத மெல்லிய பிளாஸ்டிக்குக்கு ஓர் இடம் கிடைத்தது. இதில் எனக்குப் பிடித்தது சாலையைவிட அந்த முறைதான். வளாகத்தைப் பரிசோதனைக் கூடமாகப் பயன்படுத்தி, அளந்து, வருடக்கணக்கில் கண்காணித்து, பிறகு வெளியே கொண்டுபோனார். சாலை தேயும்போது நுண்பிளாஸ்டிக் எவ்வளவு வெளியேறும் என்ற கேள்வியை கடலோர மாவட்டம் தனியாக அளந்து பார்க்க வேண்டும். அதை அளக்கத் தகுதியான இடமும் ஒரு கல்லூரிதான்.

பாட்டிலுக்கு இன்னும் எளிய உதாரணம். 2022 மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற வழிகாட்டுதலின்படி நீலகிரியில் டாஸ்மாக் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் ஆரம்பித்தது. காட்டில் யானை காலில் குத்தும் பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. டாஸ்மாக்கால் முடிந்தது கல்லூரிக் கேண்டீனால் முடியாதா? அதற்கு நீலகிரி வரை போகவே வேண்டாம். தண்ணீர் உவர்ப்பான இராமநாதபுரத்தில் 20 லிட்டர் கேன் தினமும் போய்த் திரும்பி வருகிறது. காலி கேனை யாரும் கருவேலங்காட்டில் எறிவதில்லை. முன்பணம் கட்டியிருக்கிறோமே. அரை லிட்டர் பாட்டிலுக்கு மட்டும் அந்த ஒழுங்கு எங்கே போனது?

நிறுப்பது யார்?

எதிர்க்கேள்வி வரும். இத்தனையையும் யார் நிறுப்பது? இருக்கிற துப்புரவுப் பணியாளர்கள் தலையில் இன்னொரு வேலையா?

நியாயமான கேள்வி. பல வளாகங்களில் அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். மாணவன் சோற்றையும் சிப்ஸ் பாக்கெட்டையும் ஒரே தொட்டியில் போடுகிறான், அறிக்கையில் ‘பிரிக்கப்படுகிறது’ என்று வருகிறது. நடுவில் பிரித்த கை அந்த அம்மாவுடையது, பெரும்பாலும் கையுறை இல்லாமல். காலங்காலமாக யார் தலையில் இந்த வேலை கட்டப்பட்டது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பட்டம் கொடுக்கும் இடத்திலும் அதே ஏற்பாடு தொடர்கிறது என்றால் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் வெறும் பெயிண்ட்.

அதனால் என் யோசனை இது. தட்டில் மிஞ்சியதை மாணவனே சுரண்டி, தராசு மேல் இருக்கும் வாளியில் போட வேண்டும். வேளை முடிந்ததும் மெஸ் கமிட்டி மாணவர் எண்ணைக் குறிக்க வேண்டும். நோட்டில் ஆறு கட்டம் போதும்: தேதி, சாப்பிட்டவர் எண்ணிக்கை, தட்டு மிச்சம், அண்டா மிச்சம், மற்ற குப்பை, எங்கே போனது. கடைசிக் கட்டத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதக் கூடாது. யார் எடுத்துப் போனார், எந்த இடத்துக்கு என்று எழுவாயோடு எழுத வேண்டும். ஆண்ட்ராய்டு செயலியெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். (என் தொழிலுக்கு நானே துரோகம் செய்கிறேன் என்று தெரிகிறது.) ஒரு பருவம் நோட்டில் ஓடினால் போதும்.

நாக் செய்ய வேண்டியது இதைவிடச் சின்ன வேலை. மதிப்பீட்டு முறையையே மாற்றப்போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள், சான்று உண்டு அல்லது இல்லை என்ற இருநிலை முறை வரும் என்று. கேள்விகளைத் திருத்தி எழுதும்போது ‘வசதிகளை விவரிக்கவும்’ என்பதை எடுத்துவிட்டு, ‘ஆளுக்கு, நாளுக்கு எத்தனை கிராம்? போன வருடம் எவ்வளவு? மிச்சம் எங்கே போகிறது?’ என்று மூன்று கேள்வி போடட்டும். பொய் எண் எழுத மாட்டார்களா? எழுதுவார்கள். ஆனால் 365 நாள் பொய் எழுதுவது கஷ்டம். உப்புமா நாளில் ஏறாத, மே மாதத்தில் இறங்காத கணக்கைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். போட்டோவில் அப்படி எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இதைப் படிப்பவர்களில் கல்லூரியில் படிப்பவர், வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால் ஓர் உதவி. ஒரே ஒரு நாள், உங்கள் மெஸ் டிரம்மைத் தராசில் ஏற்றிப் பாருங்கள். அன்று என்ன சமையல், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், டிரம் கடைசியில் எந்த வண்டியில் ஏறி எங்கே போனது என்பதையும் எழுதுங்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம், எண் போதும். எனக்கு அனுப்பினால் எல்லாவற்றையும் தொகுத்து ஓர் அட்டவணையாக இங்கே போடுகிறேன். டிரம்மைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.